சிறை கண்ட குடும்பம்



புதுச்சேரியின் வட எல்லையைக் கடந்தவுடன் வருவது எங்கள் கோட்டக்குப்பம். இன்னும் வடக்கே சென்றால் மரக்காணத்து உப்பளங்கள். அங்கே பாத்திகளின் ஓரம் வெண்மையாய்க் குவிந்திருக்கும் உப்பைக் காணும்போதெல்லாம், தெற்கே கடலூரில் வாழ்ந்த ஒரு குடும்பம் என் நினைவுக்கு வரும்.

ஆளப்படுவோரின் சம்மதம் கேளாது நடப்பது எதுவோ, அதுவே சர்வாதிகாரம். அதனைத் தனி ஒருவன் நடத்தினால் என்ன, அந்நிய நாடு நடத்தினால் என்ன? கடல் தந்த உப்புக்கும் வரி கேட்டது அன்றைய ஆங்கில ஆட்சி. அதனை எதிர்த்து நின்றவர்களுள் ஒருவர், 1890-இல் பிறந்த கடலூர் அஞ்சலையம்மாள். கணவர் முருகப்பாவும் அவரோடு நின்றார்.

1857-ஆம் ஆண்டு எழுச்சியின்போது வடநாட்டில் மக்களை ஈவிரக்கமின்றிக் கொன்று குவித்த படைத்தலைவன் நீல். அவனுக்குச் சென்னை மவுண்ட் ரோட்டில் சிலை வைத்திருந்தார்கள். அச்சிலையை அகற்றக் கோரி 1927-இல் சத்தியாக்கிரகம் மூண்டது. அஞ்சலையம்மாள் கலந்துகொண்டார், தனியாக அல்ல, ஒன்பது வயது மகள் அம்மாக்கண்ணுவுடன்! தாயும் மகளும் சிறை புகுந்தனர். அக்குழந்தையைக் கண்டு உருகிய காந்தியடிகள், லீலாவதி என்று பெயரிட்டுத் தம் ஆசிரமத்தில் வளர்த்தார்.

பின்னர் உப்புச் சத்தியாக்கிரகம் வந்தது. அஞ்சலையம்மாள் வேலூர்ச் சிறையில் இருந்தபோது நிறைமாதம். பிரசவத்திற்காக வெளியே விட்டார்கள். பிள்ளை பிறந்தது. கைக்குழந்தையுடன் மீண்டும் சிறைக்குத் திரும்பினார் அந்தத் தாய். அம்மகனுக்கு இட்ட பெயர் ஜெயில் வீரன்!

நண்பர்களே, ஒன்பது வயதுக் குழந்தையைச் சிறைக்கு அழைத்துச் சென்றது முறையா என்று நீங்கள் கேட்கலாம். நானும் பலமுறை என்னையே கேட்டுக்கொண்டதுண்டு. எளிதில் விடை கிடைக்கவில்லை. ஆனால், குழந்தையையும் சிறையில் அடைக்கத் துணிந்த ஆட்சியின்மேல் அன்றோ அக்கேள்வி முதலில் விழவேண்டும்?

1937-இல் இராஜாஜி அமைச்சரவை நீலன் சிலையை அகற்றியது. அதே ஆண்டில் அஞ்சலையம்மாள் சென்னைச் சட்டசபைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். சிலை இறங்கிற்று, சிறையிருந்தவர் மன்றம் ஏறினார்.

1961-இல் அவர் மறைந்தார். அவருக்குப் பின்னும், 1975 முதல் 1977 வரை நெருக்கடி நிலையின்போது, சுதந்திர இந்தியாவிலேயே பலர் விசாரணையின்றிச் சிறையிருந்தனர். பெற்ற உரிமையும் காவாவிடில் கரையும், மழையில் நனைந்த உப்பைப்போல. அதனைக் காப்பது இனி உங்கள் கடமை.