எலும்பில் எழுதிய கணக்கு: ஷாங் அரசும் தொடக்கக்காலச் சீனச் சமூகமும்



பழைய சீனா என்றவுடன் நம் நினைவுக்கு வருபவை பெருஞ்சுவரும் கன்பூசியஸும் சுடுமண் வீரர்களும்தான். இந்த மூன்றுமே பிற்காலத்தவை. நான் உங்களை அவற்றுக்கும் பல நூற்றாண்டுகள் முன்னால், கி.மு. 1200ஐ ஒட்டிய காலத்துக்கு அழைத்துப் போக விரும்புகிறேன். இடம், இன்றைய ஹெனான் மாநிலத்தின் ஆன்யாங். ஷாங் அரசர்களின் கடைசித் தலைநகரம். அப்போது ஆண்ட மன்னன் வூ டிங்.

அவனுடைய மனைவியரில் ஒருத்தி ஃபூ ஹாவ். அவள் நிறைமாதமாக இருந்தபோது ஓர் ஆமை ஓட்டை வைத்துக் குறி கேட்டார்கள். ஜியாஷென் என்ற நாளில் கேட்ட கேள்வி இது: பிள்ளைப்பேறு நல்லபடி நடக்குமா? ஓட்டில் விழுந்த வெடிப்பைப் பார்த்து மன்னனே பலன் சொன்னான். டிங் நாளில் பிறந்தால் நல்லது, கெங் நாளில் பிறந்தால் மிக நல்லது. முப்பத்தோராம் நாள், ஜியாயின் அன்று குழந்தை பிறந்தது. அதன் பிறகு எழுத்தர் அதே ஓட்டில் முடிவையும் செதுக்கிவைத்தார்: நல்லதாக அமையவில்லை, பெண் குழந்தை.

பெண் பிறந்ததை 'நல்லதில்லை' என்று குறித்துவைக்கும் புத்தி அந்த நாட்டுக்கு மட்டும் சொந்தமில்லை, அது கிடக்கட்டும். எழுத்தரின் சாமர்த்தியத்தைக் கவனியுங்கள். மன்னன் சொன்ன இரண்டு நாளிலும் குழந்தை பிறக்கவில்லை. ஆகவே மன்னன் வாக்கு பொய்க்கவும் இல்லை. கேட்ட நாள், கேட்ட பொருள், சொன்ன பலன், நடந்தது என்ன, எல்லாம் ஒரே ஓட்டில் ஒழுங்காக இருக்கிறது. அரசு அலுவலகத்தில் கோப்பு பார்த்தவர்களுக்கு இந்த நடை புதிதாக இருக்காது.

இன்றைய உரையில் நான் சொல்ல வருவது இந்தக் கோப்பைப் பற்றித்தான். பெரிய ஆறு, பெரிய பாசனம், அதைக் கட்டி மேய்க்க ஒரு பெரிய அரசு என்று கீழை நாடுகளின் வரலாற்றை விளக்கும் ஒரு வாதம் உண்டு. கார்ல் விட்ஃபோகல் 1957இல் அதை ஒரு தடித்த நூலாகவே எழுதினார். ஷாங் அரசுக்கு அது பொருந்தவில்லை. அந்த மக்கள் தினை வகைகளைப் பயிரிட்டு மழையை நம்பி வாழ்ந்தவர்கள். குறி கேட்ட எலும்புகளில் மழை வருமா என்ற கேள்வி திரும்பத் திரும்ப வருகிறது. வாய்க்கால் வெட்டிய பேச்சைக் காணோம். முன்னோருக்கு முறை தவறாமல் படைப்பதும், படைத்ததைப் பதிந்துவைப்பதும், அதற்கு வேண்டிய ஆளையும் மாட்டையும் செம்பையும் திரட்டுவதுமே அந்த அரசை வளர்த்தன என்பது என் கருத்து.

இந்த எலும்புகள் வெளிவந்த கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 'டிராகன் எலும்பு' என்ற பெயரில் சீன மருந்துக் கடைகளில் இவற்றைப் பொடித்து விற்றுவந்தார்கள். 1899இல் பீகிங்கில் அரசுக் கல்விக்கழகத்தின் தலைவராக இருந்த வாங் யிரோங் இவற்றில் பழைய எழுத்து இருப்பதைக் கண்டுகொண்டார். மறு ஆண்டே அந்நியப் படைகள் நகருக்குள் நுழைந்தபோது கிணற்றில் விழுந்து உயிரை மாய்த்துக்கொண்டார். எலும்புகள் ஆன்யாங்கை அடுத்த சியாவோதுன் கிராமத்திலிருந்து வருகின்றன என்பதை 1908இல் லுவோ ஜென்யூ உறுதிசெய்தார். 1917இல் வாங் குவோவெய் செய்த வேலைதான் இவை எல்லாவற்றிலும் பெரியது. ஷாங் அரசர் வரிசையை ஸீமா சியென் என்ற வரலாற்றாசிரியர், அந்த அரசு அழிந்து ஏறத்தாழ ஆயிரம் ஆண்டு கழித்து எழுதியிருந்தார். எலும்பில் கண்ட பெயர்களை அந்த வரிசையோடு ஒப்பிட்டு, அது பெரும்பாலும் சரி என்று வாங் குவோவெய் நிறுவினார். கட்டுக்கதை என்று பலர் ஒதுக்கிய அரச மரபு வரலாறாகிவிட்டது. 1928இல் அகழாய்வு தொடங்கியது. 1936இல் ஒரே குழியில் 17,000க்கும் மேற்பட்ட ஓட்டுத் துண்டுகள் கிடைத்தன.

குறி கேட்கும் முறையைச் சற்று அருகில் போய்ப் பார்க்கலாம். மாட்டின் தோள்பட்டை எலும்பு, அல்லது ஆமையின் அடிப்பக்க ஓடு. அதை அறுத்து, தேய்த்து வழவழப்பாக்குவார்கள். பின்பக்கத்தில் வரிசையாகக் குழிகள் குடைவார்கள்; ஓடு முழுவதும் துளைபடாமல் மெல்லிய படலமாக நிற்கும் அளவுக்கு மட்டும். குழியில் சூடு வைத்தால் 'பட்'டென்று முன்பக்கம் ஒரு வெடிப்பு ஓடும். நெடுக ஒரு கோடு, அதிலிருந்து பக்கவாட்டில் ஒரு கிளை. அந்தக் கிளையைப் பார்த்துப் பலன் சொல்வார்கள். பல கேள்விகளை இரண்டு விதமாகவும் கேட்பார்கள். ஓட்டின் ஒரு பாதியில் 'மழை வரும்', மறுபாதியில் 'மழை வராது'. பிறகு கத்தியால் எழுத்தைச் செதுக்குவார்கள். சிலவற்றில் எழுத்துக் கீறலுக்குள் செந்நிறமும் ஏற்றினார்கள்.

ஓடுகள் வந்த வரவுக்கும் கணக்கு இருக்கிறது. ஓட்டின் விளிம்பில், கண்ணில் படாத மூலையில், யார் அனுப்பியது, எத்தனை என்று குறித்திருக்கிறார்கள். ஒரே முறையில் ஆயிரம் ஓடுகள் வந்ததாக ஒரு குறிப்பு. ஃபூ ஹாவே ஐம்பது கொடுத்ததாக இன்னொன்று. தெய்வத்திடம் கேட்கும் கருவிக்கே சரக்கு இருப்புப் பதிவேடு வைத்த அரசு அது!

இறந்தவர்கள் உலகத்திலும் பதவி வரிசை இருந்தது. மன்னனுக்குப் பல்வலி வந்தால் இறந்த சிற்றப்பனோ பெரியப்பனோ காரணமா என்று கேட்டார்கள். மழை, விளைச்சல் போன்ற பெரிய விஷயங்களுக்கு இன்னும் மூத்த முன்னோரிடம் போக வேண்டும். எல்லோருக்கும் மேலே 'டி' என்ற உயர்தெய்வம். அதற்குப் பெரும்பாலும் நேரடிப் படையல் இல்லை. வாரம் பத்து நாள். இறந்த அரசர் ஒவ்வொருவருக்கும் அந்தப் பத்தில் ஒரு நாளின் பெயர். அவருக்கு அந்த நாளில்தான் படையல். வூ டிங் என்ற பெயரில் இருக்கும் 'டிங்' அப்படி வந்ததே. பிற்கால ஷாங் அரசர்கள் இந்தப் படையல் சுற்றை ஓராண்டுக்கு ஏறக்குறைய நிகராக நீளும்படி வகுத்துவிட்டார்கள். எந்த நாளில் எந்த முன்னோருக்கு எந்தப் பூசை என்பது முன்கூட்டியே தெரியும்.

ஃபூ ஹாவ் வெறும் பட்டத்து ராணி இல்லை. அவளுடைய 3,000 பேரோடு வேறு 10,000 பேரையும் சேர்த்துப் படை நடத்தியதாக ஓர் எலும்பு சொல்கிறது. 1976இல் ஜெங் ஜென்சியாங் என்ற பெண் தொல்லியலாளர் தலைமையில், கொள்ளையர் கை படாத அவளுடைய கல்லறையைத் திறந்தார்கள். 468 வெண்கலப் பொருள்கள், அவற்றின் எடை மட்டும் 1.6 டன், ஜேட் கல்லில் 750க்கும் மேற்பட்ட பொருள்கள், 6,800க்கும் மேற்பட்ட சோழிகள். ஆன்யாங்கிலிருந்து கடல் வெகுதூரம் என்பதை நினைவில் வையுங்கள். 9 கிலோ எடையுள்ள போர்க் கோடரி ஒன்றில் அவள் பெயர் பொறித்திருக்கிறது. அவளோடு சேர்த்துப் புதைத்தவர்கள் 16 பேர்.

அந்த வெண்கலங்களை வார்த்த விதம் வேறு. சுவாமிமலை ஸ்தபதிகள் மெழுகில் உருவம் செய்து, மேலே மண் பூசி, மெழுகை உருக்கி வெளியேற்றி உலோகத்தை ஊற்றுவார்கள். ஷாங் வார்ப்பாளர்கள் களிமண்ணில் மாதிரி செய்தார்கள். அதன்மேல் களிமண்ணை அழுத்தி அச்செடுத்து, துண்டு துண்டாக வெட்டிக் கழற்றி, சுட்டு, நடுவில் ஓர் உட்கருவை வைத்து மறுபடி பொருத்தி, இடைவெளியில் உருகிய வெண்கலத்தை ஊற்றினார்கள். இதில் அச்சு செய்பவர், பொருத்துபவர், உலை பார்ப்பவர், ஊற்றுபவர் எல்லாம் தனித்தனி ஆட்கள். 1939இல் ஆன்யாங் விவசாயிகள் தோண்டியெடுத்து, ஜப்பானியர் கண்ணில் படாமல் மறுபடி புதைத்துவைத்த 'ஹோவ்முவூ' என்ற நாற்கால் பாத்திரத்தின் எடை 832 கிலோவுக்கும் மேல். அதை ஒற்றைக் கைவினைஞன் செய்ய முடியாது. ஒரு பட்டறையும், பட்டறைக்குச் சோறு போடும் ஓர் அரசும் வேண்டும். அத்தனை உழைப்பும் முன்னோருக்கு உணவும் மதுவும் படைக்கும் பாத்திரங்களுக்காகவே.

இதே கணக்கின் இன்னொரு பக்கத்தையும் படித்தாக வேண்டும். படையல் பட்டியலில் மாடு, ஆடு, நாய் வரிசையில் 'சியாங்' என்ற சொல்லும் வருகிறது. அது மேற்கே வாழ்ந்த ஒரு மக்கள் கூட்டத்தின் பெயர். போரில் பிடித்த அவர்களை எத்தனை பேராகப் பலியிடலாம் என்று முன்னோரிடம் எண்ணிக்கை சொல்லிக் கேட்டார்கள். ஒரு கேள்வியில் அந்த எண் 300. அரச இடுகாட்டைச் சுற்றிப் பலிக்குழிகள் இரண்டாயிரத்துக்கும் மேல். எலும்புகளின் ஐசோடோப்புகளை அளந்து 2017இல் வெளிவந்த ஆய்வு, கைதிகள் உடனே கொல்லப்படவில்லை, ஆன்யாங் உணவை உண்டு சில ஆண்டுகள் அங்கே வாழ்ந்திருக்கிறார்கள் என்று காட்டியது. வேலை வாங்கிவிட்டுப் பலி கொடுத்தார்கள் என்று கொள்ளவே இடமிருக்கிறது. ஷாங் வெண்கலங்களின் அழகைப் பேசுகிற பலர் இதை ஒரு வரியில் கடந்துவிடுகிறார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. அந்தப் பாத்திரங்களும் இந்தக் குழிகளும் ஒரே வழிபாட்டைச் சேர்ந்தவை.

சீன நாகரிகம் மஞ்சள் ஆற்றின் ஒரு வளைவில் தனியே முளைத்துப் பரவியது என்ற பழைய பாடத்தையும் திருத்திக்கொள்ள வேண்டும். ஷாங் அரசுக்கு ஆயிரம் ஆண்டுக்கும் முன்பே, தெற்கே யாங்சி ஆற்றின் கழிமுகப் பக்கம் லியாங்ஜூ மக்கள் நெல் விளைத்து, மதில் சூழ்ந்த நகரம் எழுப்பி, அணைகளும் கட்டினார்கள். நான் மேலே மறுத்த பாசன வாதத்துக்கு அங்கே ஓரளவு இடம் உண்டு என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். ஷாங் காலத்திலேயே சிச்சுவானின் சான்சிங்டுய்யில், ஆன்யாங் வெண்கலத்துக்குச் சற்றும் ஒட்டாத, துருத்திய கண்களுடைய பெரிய முகங்களை வார்த்தார்கள். கோதுமை மேற்கிலிருந்து வந்தது. குதிரை பூட்டிய தேர், வூ டிங் காலத்தை ஒட்டி வடமேற்குப் புல்வெளிகளிலிருந்து வந்து ஆன்யாங் கல்லறைகளில் இடம்பிடித்தது.

வூ டிங் எதைத்தான் கேட்கவில்லை? பல்வலி, கனவு, போர், வேட்டை, மழை, மகப்பேறு. கடைசி அரசர்களின் எலும்புகளுக்கு வந்தால் பேச்சு சுருங்கிவிடுகிறது. 'அடுத்த பத்து நாளில் கெடுதல் இல்லை' என்ற ஒரே வாசகம், வாரத்துக்கு வாரம். நிமித்திகர்களின் பெயர்கள் குறைந்து, மன்னனே கேட்டு மன்னனே நன்று என்கிறான். கேள்வி சடங்காகிவிட்டது. கி.மு. 1046ஐ ஒட்டி மேற்கிலிருந்து வந்த ஜோவ் மரபினர் அந்த அரசை வீழ்த்தினார்கள். வானத்தின் ஆணை நல்லாட்சி உள்ளவரைதான், கெட்டவனிடமிருந்து அது கைமாறும் என்பது வென்றவர்கள் சொன்ன நியாயம். தங்கள் வெற்றிக்குச் சொன்ன சாக்கு அது என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனாலும் முன்னோருக்குச் சரியாகப் படைத்தால் போதும் என்றிருந்த அரசனுக்கு நடத்தை என்ற நிபந்தனை அதன் மூலம் வந்து சேர்ந்தது. பின்வந்த சீன அரச மரபுகள் எல்லாம் அந்த நிபந்தனைக்குப் பதில் சொல்ல வேண்டியிருந்தது.

மாணவர்களுக்கு ஒன்று சொல்லி முடிக்கிறேன். இதுவரை கிடைத்த எலும்புத் துண்டுகள் ஏறத்தாழ 1,50,000. அவற்றில் காணும் எழுத்துருக்கள் 4,500 அளவில். படிக்க முடிந்தவை அதில் மூன்றில் ஒரு பங்குதான். 2016இல் ஆன்யாங்கின் சீன எழுத்து அருங்காட்சியகம், படிக்கப்படாத ஓர் எழுத்தைச் சான்றோடு படித்துக் காட்டுபவருக்கு ஒரு லட்சம் யுவான் பரிசு அறிவித்தது. கல்வெட்டுப் படிக்கப் பழகிய கண்கள் இந்த அரங்கில் இருக்கின்றன. உங்களில் இரண்டு பேராவது சீனமொழி கற்க முன்வர வேண்டும். அதற்கு உதவும் நல்கை ஒன்றை இந்த உரையை அமைத்த அறக்கட்டளை ஏற்படுத்த வேண்டும். இதுவே என் வேண்டுகோள்.