பிரேக்குக்கு யார் பொறுப்பு?

(புதுச்சேரியில் லாரி, டிராக்டர் தொழிலாளர்களிடையே ஆற்றிய உரை)



டிரெய்லர் மோதி ஆள் செத்தால் மறுநாள் செய்தி எப்படி வருகிறது? பிரேக் பிடிக்கவில்லை, டிரைவர் கைது! ஏன் பிடிக்கவில்லை என்று எவரும் கேட்பதில்லை. ஆலையில் எந்திரம் பழுதானால் மிஸ்திரியைக் கூப்பிடுகிறார்கள். சாலையில் பழுதானால் போலீசைக் கூப்பிடுகிறார்கள்!

1988-ம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 190-வது பிரிவைக் கேளுங்கள். பழுதான வண்டியை, டிரெய்லரை ஓட்டுபவன் மட்டுமல்ல, ஓட்டச் செய்பவனும், ஓட்ட அனுமதிப்பவனும் குற்றவாளி. "பழுது எனக்குத் தெரியாதே" என்று முதலாளி கைவிரிக்க முடியாது. சாதாரணக் கவனத்தோடு பார்த்திருந்தால் தெரிந்திருக்கும் என்றாலே போதும்.

எஃப்.சி. கதை உங்களுக்குத் தெரியாததா? எட்டு வயது வரை இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை, அதற்குமேல் வருஷா வருஷம். அன்றைக்கு மட்டும் புது லைனிங், இரவல் டயர்! காலி வண்டியைக் காட்டி முத்திரை வாங்கியாயிற்று. மறுநாள் மலைபோல் பாரம். வேகம் இரட்டித்தால், பிரேக் பிடித்தபின் ஓடும் தூரம் நான்கு மடங்காகும் என்பது முதலாளியின் கணக்கில் வருவதில்லை.

டிரெய்லருக்குக் காற்று கொண்டுபோகும் ஹோஸ் அறுந்தால் பிரேக் தானே பிடித்துக்கொள்ளும்படிதான் ஏர் பிரேக்கைச் செய்திருக்கிறார்கள். கசிவால் அது வழியில் பிடித்துக்கொண்டால் லோடு தாமதமாகுமாம். பிரேக்கையே தளர்த்திவிடச் சொல்லும் பேர்வழிகள் உண்டு. அப்புறம் முன்வண்டியின் பிரேக்தான் அத்தனை பாரத்தையும் தாங்க வேண்டும். சட்டென்று மிதித்தால், பின்னால் வரும் டிரெய்லர் முட்டித் தள்ளி வண்டி கத்திரிக்கோலாக மடங்கும். நம் ஊர் சமதரை. தர்மபுரிப் பக்கம் தொப்பூர்க் கணவாயின் நீண்ட இறக்கத்தில் டிரம் சூடேறினால் இருக்கிற பிரேக்கும் போகும்.

பாகூர்ப் பக்கத்து விவசாயத் தொழிலாளத் தோழர்களே, கரும்பு இறக்கிய டிராக்டர் டிரெய்லரில் ஏறி வீடு திரும்புகிறீர்களே, அதற்குத் தனி பிரேக் உண்டா என்று குனிந்து பார்த்ததுண்டா?

காலையில் ஏர் டேங்கில் தண்ணீரை வடியுங்கள். கசிவு கேட்கிறதா என்று காது கொடுங்கள். பழுதை வாயால் சொல்லாதீர்கள். தேதி, வண்டி நம்பர் போட்டு எழுதி, கையெழுத்து வாங்குங்கள். நகல் சங்கத்தில் இருக்கட்டும்.

ஒன்றை மறைக்க மாட்டேன். எழுதிக் கொடுத்துவிட்டு அதே வண்டியை ஓட்டினால், தெரிந்தே ஓட்டினான் என்று சட்டம் உங்களையும் பிடிக்கும். எடுக்க மறுத்தாலோ அன்றைய பேட்டா போகும், வேலையே போகலாம். 1936 ஜூலை 30-ல் இந்த ஊர் ஆலைத் தொழிலாளர்கள் 12 பேர் பிரெஞ்சு சர்க்காரின் குண்டுக்கு இரையானார்களே, அந்த எட்டு மணி நேர வேலையை எவனும் தனியாளாகக் கேட்கவில்லை. ஒருவர் மறுத்த வண்டியை இன்னொருவர் தொடக்கூடாது. அதை இன்றே, கலைவதற்கு முன் தீர்மானமாக எழுதுவோம்.