ஏரிக்கரைப் பிள்ளைகளும் நம்ம பள்ளிக்கூடமும்

(கூட்டமைப்பு ஆண்டு விழாவில் பேசியது)



நான் பத்தாவது வரைக்கும் படிச்சவ. மேடையில் பேசிப் பழக்கம் இல்லை. பள்ளிக்கூடத்துக்கு நம்ம குழுக்கள் என்ன செய்யலாம் என்று பேசச் சொன்னாங்க. பெரிய யோசனை எதுவும் என்கிட்ட இல்லை. நான் செஞ்ச ஒரு தப்பையும், அதுக்கு அப்புறம் நடந்ததையும் சொல்றேன்.

ரெண்டு வருஷம் முன்னாடி எங்க ஊர் தொடக்கப் பள்ளியில் என்னைப் பள்ளி மேலாண்மைக் குழுவில் சேர்த்தாங்க. முதல் கூட்டத்திலேயே தலைமை ஆசிரியர், ரொம்ப நாளா வராத பிள்ளைங்க பட்டியலைப் படிச்சாங்க. ஏழு பேர். அதில் அஞ்சு பேர் ஏரிக்கரையில் குடிசை போட்டிருக்கிற இருளர் வீட்டுப் பிள்ளைங்க. நான் உடனே, "அவங்களுக்கெல்லாம் படிப்பு ஏறாது டீச்சர், நாம என்ன செய்ய முடியும்"னு சொல்லிட்டேன். டீச்சர் கோபப்படலை. "ஏறுதா இல்லையான்னு பார்க்க, முதல்ல வகுப்புல உட்காரணும் இல்லம்மா? சாயங்காலம் என்னோட வாங்க"ன்னாங்க.

இத்தனை வருஷத்தில் அன்னிக்குத்தான் முதல் முதலா அந்தக் குடிசைகளுக்குப் போனேன். என் வீட்டிலிருந்து பத்து நிமிஷ நடை. ஒரு அம்மா சாக்கு விரிச்சு உட்கார வெச்சு, சொம்பில் தண்ணி கொடுத்தாங்க. டீச்சர் வாங்கிக் குடிச்சாங்க. நான் கொஞ்சம் தயங்கிட்டுத்தான் குடிச்சேன். அந்த அம்மா அதைப் பார்த்தாங்க.

அவங்க பொண்ணு நாலாவது. புத்தகம் நனையாமல் இருக்க பிளாஸ்டிக் கவரில் போட்டுக் கூரையில் கட்டித் தொங்க விட்டிருந்தது. பொங்கல் முடிஞ்சதும் குடும்பத்தோட செங்கல் சூளைக்குப் போறாங்க, மழைக்குத்தான் திரும்பறாங்க. "இப்போ ஊர்லதானே இருக்கீங்க, ஏன் அனுப்பலை?"ன்னு கேட்டேன். "போ போன்னுதாங்க சொல்றேன், மாட்டேங்குது"ன்னாங்க. நாங்க எழுந்திருக்கும்போது அந்தப் பொண்ணு டீச்சர்கிட்ட மெதுவா சொல்லுச்சு: "என் பக்கத்துல யாரும் உட்கார மாட்டேங்கிறாங்க டீச்சர்."

அந்தப் பொண்ணு பக்கத்தில் முன்னாடி உட்கார்ந்தது என் மகள்தான். ராத்திரி சோறு போடும்போது அவளைக் கேட்டேன். "நீதானேம்மா சொன்ன, பேன் ஏறும், தள்ளி உட்காருன்னு"ன்னா. எனக்குச் சோறு இறங்கலை. பள்ளிக்கூடத்தில் எந்த டீச்சரும் பிரிச்சு உட்கார வைக்கலை. என் வீட்டு அடுப்படியில் நான் சொன்ன ஒரு வார்த்தை, ஒரு பிள்ளையைப் பள்ளிக்கூடத்தை விட்டு வெளியே தள்ளியிருக்கு.

இதை அடுத்த வாரம் குழுக் கூட்டத்தில் சொன்னேன். சொல்லும்போது வெட்கமா இருந்தது. கொஞ்ச நேரம் யாரும் பேசலை. அப்புறம் ஒருத்தி, "நானும்தான் என் பையன்கிட்டச் சொல்லியிருக்கேன்"னா. அப்புறம் இன்னொருத்தி. அன்னிக்குத் தீர்மானப் புத்தகத்தில், வீட்டில் பிள்ளைங்க முன்னாடி ஏரிக்கரை ஜனங்களைத் தாழ்த்திப் பேசுவதில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டோம்.

சான்றிதழ் வேலை ஒண்ணு இருந்தது. சாதிச் சான்றிதழ் இல்லாமல் பழங்குடிப் பிள்ளைகளுக்கு உதவித்தொகை, பிற்பாடு விடுதி, காலேஜ் எதுவும் சுலபம் இல்லை. இருளர்களுக்குத் தாசில்தார் அந்தச் சான்றிதழைத் தர முடியாது, கோட்டாட்சியர்தான் தரணும். ஒவ்வொரு தடவை போகும்போதும் அவங்களுக்கு ஒரு நாள் கூலி போகும். எங்க குழுவில் ரெண்டு பேர் கூடப் போய் இ-சேவை மையத்தில் மனுப் போட்டோம், விசாரணைக்கும் கூட நின்னோம். மூணு பிள்ளைகளுக்குக் கிடைச்சிருக்கு. ரெண்டு பேருக்கு இன்னும் அலையறோம்.

சூளைக்குப் போறதைப் பற்றியும் டீச்சர் விளக்கினாங்க. 2009 கல்வி உரிமைச் சட்டப்படி, டி.சி. வரத் தாமதம் என்றோ வயசுச் சான்று இல்லை என்றோ எந்தப் பள்ளியும் பிள்ளையைத் திருப்பி அனுப்பக் கூடாது. அதனால் சூளைக்குப் பக்கத்துப் பள்ளியிலேயே சேர்க்கலாம். ஆனால் இந்தப் பொண்ணு பாட்டியோட ஊரிலேயே தங்கிடுச்சு. காலைச் சாப்பாடும் மதியச் சத்துணவும் பள்ளியிலேயே கிடைக்குது. காலையில் சமைக்கிறதே நம்ம குழுப் பெண்கள்தானே! ராத்திரிக்கு மட்டும் அரிசி வேணும். நாங்க பன்னெண்டு பேரும் உலை வைக்கும்போது ஒரு கைப்பிடி எடுத்து வெச்சு வாரம் ஒரு தடவை பாட்டிகிட்டக் கொடுத்தோம்.

டீச்சர் செஞ்சதுதான் எனக்கு ரொம்பப் பிடிச்சது. பாம்புக்கடி பற்றிப் பாடம் நடத்தும்போது, விஷமுறிவு மருந்துக்கு வேண்டிய பாம்பு விஷத்தை எடுக்கிறது வடநெம்மேலியில் இருக்கிற இருளர் கூட்டுறவுச் சங்கம்னு சொன்னாங்களாம். 2023-ல் வடிவேல் கோபால், மாசி சடையன் என்ற ரெண்டு இருளர்களுக்குப் பத்மஸ்ரீ விருது கிடைச்சதையும் சொன்னாங்களாம். உடனே அந்தப் பொண்ணு எழுந்து, எந்தப் பாம்புக்கு விஷம் உண்டு, எதுக்கு இல்லைன்னு தாத்தா சொல்லிக் கொடுத்ததைச் சொல்லுச்சாம். அன்னிக்கு என் மகள் வீட்டுக்கு வந்து பேசினது பூரா அதுதான். மறுநாள் பழைய இடத்தில் போய் உட்கார்ந்தா. ஆனால் அந்தப் பொண்ணு உடனே பேசிடலை, ஒரு மாசம் ஆச்சு. அது நியாயம்தான்.

எல்லாம் சரியாயிடுச்சுன்னு நான் சொல்ல மாட்டேன். அஞ்சு பேரில் நாலு பேர் வர்றாங்க. பெரிய பையன் ஒருத்தன் வரலை, மரம் வெட்டப் போறான். அவங்க அப்பா ஆஸ்பத்திரிச் செலவுக்குச் சூளையில் வாங்கின முன்பணம் இன்னும் தீரலை. நம்மகிட்ட அப்படி ஒரு செலவு வந்தால் உள்கடன் எடுக்கிறோம், ரெண்டு கையெழுத்தில் முடியுது. அவங்களுக்கு அந்த வசதி இல்லை. ஏன்னா எங்க ஊர்க் குழுக்கள் ஒண்ணுலயும் ஏரிக்கரைப் பெண் ஒருத்தி கூட இல்லை. யாரும் வேண்டாம்னு சொல்லலை. ஆனால் யாரும் கூப்பிடவும் இல்லை.

பள்ளி மேலாண்மைக் குழுவிலும் அதே கதைதான். முக்கால்வாசி பேர் பெற்றோராக இருக்கணும், பாதிப் பேர் பெண்கள், நலிந்த பிரிவுப் பெற்றோருக்கு அவங்க விகிதப்படி இடம் என்று சட்டமே சொல்லுது. அந்த இடத்தில் நாங்களே உட்கார்ந்திருந்தோம்.

அதனால் சகோதரிகளே, நான் கேட்கிறது மூணு. உங்க ஊர்ப் பள்ளியில் வராத பிள்ளைங்க பட்டியலைக் கேட்டு வாங்குங்க. அந்த வீட்டுக்குப் போய், கொடுக்கிற தண்ணியைக் குடிச்சிட்டுப் பேசுங்க. அந்த அம்மாவை நம்ம குழுவுக்கும் பள்ளிக் குழுவுக்கும் கூப்பிடுங்க. எங்க குழுவில் அடுத்த மாசம் சொம்பு கொடுத்த அந்த அம்மாவைச் சேர்க்கிறோம். அந்தத் தீர்மானம் எழுதியாச்சு.