‘சர்வர் வேலை செய்யல’ என்று சொல்வதற்கு முன்

கடலூர் மாவட்டத்து இ-சேவை மையங்களில் கவுண்டரில் உட்கார்ந்திருக்கிறவங்களும், பின்னால் சர்வரைப் பார்த்துக்கொள்கிறவங்களும் இன்னைக்கு ஒரே அறையில் இருக்கீங்க. அதனால இரண்டு தரப்புக்கும் பொதுவான ஒரு விஷயத்தைப் பேசலாம்னு வந்திருக்கேன்.

கல்லூரிச் சேர்க்கை நேரம்னு வச்சுக்குங்க. கிள்ளையிலிருந்து ஒரு அம்மா மகளைக் கூட்டிக்கிட்டு சிதம்பரம் வர்றாங்க. சாதிச் சான்றிதழுக்கு விண்ணப்பிக்கணும். “சர்வர் வேலை செய்யலம்மா, நாளைக்கு வாங்க” என்கிறோம். நமக்கு அது ஒரு வரி. அவங்களுக்கு ஒரு நாள் கூலி, இரண்டு பேருக்குப் போக வர பஸ் செலவு, நெருங்கி வருகிற கடைசித் தேதி.

‘சர்வர் வேலை செய்யல’ என்பது ‘உடம்பு சரியில்ல’ என்பது மாதிரி. அது நோயின் பெயர் இல்லை. எங்கே வலிக்குதுன்னு அடுத்த கேள்வி கேட்கணும்.

தாலுகா ஆபீசை நினைச்சுப் பாருங்க. வாசலில் மனு வாங்குகிற ஜன்னல், உள்ளே மனுவைப் பார்க்கிற பிரிவு, அதற்கும் உள்ளே பதிவறை. இணையச் சேவையும் அப்படித்தான். ஜன்னல்தான் வெப் சர்வர், பிரிவு அப்ளிகேஷன் சர்வர், பதிவறை டேட்டாபேஸ். மனு எங்கே நின்னுபோச்சுன்னு திரையில் வருகிற எண் ஓரளவு சொல்லிவிடும்.

404 வந்தால், கேட்ட பக்கம் அந்த முகவரியில் இல்லை. 500 வந்தால், மனு பிரிவு வரை போய், அங்கே நிரல் தடுக்கி விழுந்திருக்கு. 502, 503 வந்தால், ஜன்னல் திறந்திருக்கு, பின்னால் சரியான பதில் வரல, இல்லைன்னா கூட்டம் தாங்கல. எந்த எண்ணும் வராமல் சுற்றிக்கொண்டே இருந்தால், வேறொரு தளத்தைத் திறந்து பாருங்க. அதுவும் திறக்கலைன்னா கோளாறு நம்ம மையத்து இணைப்பில்தான்.

இப்போ பின்னால் இருக்கிறவங்களுக்கு. ஜாவாவில் எழுதிய சேவைகளுக்குப் பரவலாகப் பயன்படுகிற டாம்கேட்டையே எடுத்துக்குவோம். வெப்ஆப்ஸ் ஃபோல்டரில் வார் ஃபைலைப் போட்டால் அதுவே பிரித்து ஓடவிடும். தொடங்கும்போது கோளாறு வந்தால் அந்த அப்ளிகேஷன் மட்டும் நின்றுவிடும், டாம்கேட் தன்பாட்டுக்கு ஓடும். 8080 போர்ட்டில் அதன் முகப்புப் பக்கம் திறக்கும், நம்ம சேவைக்கு மட்டும் 404 வரும். கவுண்டரில் “வேலை செய்யல” என்பாங்க, நீங்க “சர்வர் ஓடுதே” என்பீங்க. இரண்டுமே உண்மை. சண்டைதான் வீண்.

அப்போ லாக் ஃபோல்டரைத் திறங்க. கேட்டலினா லாக்கில் ‘தொடங்கவில்லை’ என்ற சேதி மட்டும் இருக்கலாம். காரணம் லோக்கல்ஹோஸ்ட் என்று தொடங்கும் லாக்கில் கிடக்கும். நீளமான பிழைச்செய்தியில் முதல் வரியோடு நிற்காதீங்க. ‘காஸ்டு பை’ என்று வருகிற கடைசி வரிதான் பெரும்பாலும் மூலகாரணம். டேட்டாபேஸ் பாஸ்வேர்டு மாறியிருக்கும். லாக்கே வளர்ந்து டிஸ்க்கை நிரப்பியிருக்கும். டாம்கேட் 9-க்கு எழுதியதை அப்படியே 10-இல் போட்டிருப்பாங்க. பெயர்கள் ஜாவாஎக்ஸிலிருந்து ஜகார்த்தாவுக்கு மாறிவிட்டதால் அது ஓடாது.

ஒரு வேண்டுகோள். எடுத்ததும் ரீஸ்டார்ட் பண்ணாதீங்க. சேவை திரும்ப வரும், தடயம் போய்விடும், இரண்டு மணி நேரத்தில் மறுபடி நிற்கும். முதலில் லாக்கை நகல் எடுங்க. ஜேஸ்டாக் கட்டளையைப் பத்து விநாடி இடைவெளியில் மூன்று முறை ஓட்டிச் சேமிங்க. எந்த வேலை எங்கே காத்துக்கிடக்குதுன்னு அதில் தெரியும். அதுக்கு ஒரு நிமிஷம்கூட ஆகாது. அப்புறம் தாராளமா ரீஸ்டார்ட் பண்ணுங்க.

பெரிய நாடுகளுக்கும் இதே கதைதான். 2013 அக்டோபர் 1 அன்று அமெரிக்க அரசு மருத்துவக் காப்பீட்டுக்காக ஹெல்த்கேர்.கவ் தளத்தைத் திறந்தது. முதல் நாளில் கடைசிப் படிவரை முடித்தவர்கள் 6 பேர். சரிசெய்ய வந்த குழு முதலில் செய்த வேலைகளில் ஒன்று, தளம் எங்கே திணறுகிறது என்று எல்லோரும் பார்க்கிற மாதிரி கண்காணிப்புத் திரை வைத்தது. தினமும் எல்லாத் தரப்பையும் கூட்டிப் பேசினாங்க. இரண்டே மாதத்தில் தளம் பெரும்பாலானவர்களுக்குப் பயன்படும் நிலைக்கு வந்தது.

கவுண்டரில் இருக்கிற தம்பி, தங்கைகளுக்கு: நேரம், எந்தப் பக்கம், என்ன எண், இந்த மூன்றையும் எழுதி அனுப்புங்க. ‘காலையிலிருந்து வரல’ என்பதைவிட ‘11.42, பணம் கட்டும் பக்கம், 500’ என்றால் லாக்கில் நேரா அந்த வரிக்கே போகலாம். ஸ்கிரீன்ஷாட்டில் ஆதார் எண்ணை மறைச்சிடுங்க. பணம் பிடிச்சு ரசீது வரலைன்னா மறுபடி அழுத்தாதீங்க, முதலில் பரிவர்த்தனை நிலையைப் பாருங்க.

அந்த அம்மாகிட்ட ‘நாளைக்கு வாங்க’ வேண்டாம். “நம்பர் கொடுத்துட்டுப் போங்கம்மா, சரியானதும் போன் பண்றோம், அப்புறம் கிளம்பி வாங்க” என்று சொல்லுங்க. சொன்னபடி போனும் பண்ணுங்க.