பாலையா கேட்காத கேள்வி

(நமது சங்கத்தின் மூத்தோர் மாலைக் கூட்டத்தில் பேசியது)



பிடித்த பழைய படம் ஒன்றைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். 'காதலிக்க நேரமில்லை' பற்றிப் பேசுகிறேன்.

1964-இல் வந்த படம். 'கல்யாண பரிசு', 'நெஞ்சில் ஓர் ஆலயம்' என்று நம்மை அழவைத்த ஸ்ரீதர், கோபுவோடு சேர்ந்து சிரிக்கவே எடுத்த படம், அதுவும் ஈஸ்ட்மென் கலரில். ரவிச்சந்திரனுக்கு இதுதான் முதல் படம். டூரிங் கொட்டகையில் மணலைக் குவித்து உட்கார்ந்து பார்த்தேன். நாகேஷ் பேய்க்கதை சொல்ல, பாலையா பயந்த முகம் இன்றும் கண்ணில் நிற்கிறது.

கதை உங்களுக்குத் தெரியும். எஸ்டேட்டில் வேலை போன அசோக், முதலாளி மகளைக் காதலிக்கிறான். தான் கோடீஸ்வரர் சிதம்பரத்தின் மகன் என்று புளுகுகிறான். நண்பன் முத்துராமன் தாடி வைத்து அப்பாவாக வருகிறார். பணக்கார சம்பந்தம் என்றதும் பாலையா வாயெல்லாம் பல்.

வங்கி கவுன்டரில் பல வருடம் இருந்தவன் நான். கையெழுத்தை ஒப்பிடாமல் ஒரு செக்கைக்கூட பாஸ் பண்ணியதில்லை. "இந்த மனுஷன் எதையுமே விசாரிக்கவில்லையே!" என்று பாலையாவைப் பார்த்துச் சிரிப்பேன்.

என் மகளுக்கு வரன் வந்தது. நான் விசாரித்தேன். சம்பளச் சீட்டு, பாஸ்புக் நகல் எல்லாம் கேட்டேன். பையனுக்கு ஒப்பந்த வேலை. நிரந்தரமில்லை என்று தட்டிக் கழித்தேன். "நல்லவராத் தெரியுதுப்பா" என்று மகள் ஒரே ஒரு தடவை சொன்னாள். அப்புறம் சொல்லவில்லை. வேறு இடத்தில் கட்டிக் கொடுத்தேன். குறையில்லாமல் இருக்கிறாள்.

போன பொங்கலுக்கு வந்தவளோடு டி.வி.யில் இந்தப் படத்தைப் பார்த்தேன். பாலையா மாப்பிள்ளையின் சொத்தை நினைத்துப் பூரிக்கும் இடத்தில், "நீங்களும் இப்படித்தானேப்பா" என்று சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அன்றுதான் புரிந்தது. பாலையா விசாரிக்கவில்லை, நான் விசாரித்தேன். ஆனால் இருவரும் பார்த்தது தொகைப் பத்தியை மட்டும்தான். பெண்ணை உட்காரவைத்து, "உனக்குப் பிடித்திருக்கிறதா?" என்று இருவருமே கேட்கவில்லை.

நம் தெருக்களில் கல்யாண வயதுப் பிள்ளைகள் இருக்கும் வீடுகள் பல. சம்பளச் சீட்டைக் கேளுங்கள், தப்பில்லை. அதற்கு முன்னால் பிள்ளையைக் கேளுங்கள். அதற்கு மட்டும் நேரமில்லை என்று சொல்லிவிடாதீர்கள்.