மேமோகிராம் அறிக்கையில் உள்ள எண்

(ஜமாஅத் மகளிர் நலக் கூட்டத்தில் ஆற்றப்பட்ட மருத்துவ உரை)



மார்பகப் புற்றுநோய் குறித்துப் பேசுவதற்கே நம் இல்லங்களில் கூச்சம் உண்டு. அதனைக் கடந்து பரிசோதனைக்குச் செல்லும் பெண்களிலும் சிலர், கைக்கு வரும் அறிக்கையின் பொருள் விளங்காமல் கலங்குகின்றனர். சிலர் அதனை அலமாரியில் வைத்து மறந்துவிடுகின்றனர். ஆகவே, அவ்வறிக்கையைப் புரிந்துகொள்ளும் முறையை இன்று விளக்க விரும்புகிறேன்.

மேமோகிராம் என்பது மார்பகத்தை இரு தட்டுகளுக்கிடையே சில விநாடிகள் அழுத்தி எடுக்கப்படும் எக்ஸ்ரே படமாகும். கைக்குத் தட்டுப்படாத சிறு கட்டியையும் அது காட்டக்கூடும். பெண் பணியாளரே படமெடுக்க வேண்டுமென முன்கூட்டியே கேட்டுக்கொள்ளலாம்.

அறிக்கையின் இறுதியில் 'பைராட்ஸ்' என்ற சொல்லும், 0 முதல் 6 வரையிலான ஓர் எண்ணும் காணப்படும். 0 என்பது நோய் உண்டு என்பதுமன்று, இல்லை என்பதுமன்று. மேலும் ஒரு படமோ, ஸ்கேனோ, பழைய படங்களுடன் ஒப்பீடோ தேவை என்பதே அதன் பொருள். 1, 2 எனில் புற்றுநோய்க்கான அடையாளம் காணப்படவில்லை. 3 எனில் பெரும்பாலும் தீங்கற்றது. புற்றுநோயாக இருக்கும் வாய்ப்பு 100க்கு 2க்கு மிகாது. ஆயினும் வழக்கமாக 6 மாதத்தில் மறுபடியும் பார்க்க வேண்டும். 4, 5 எனில் திசுப் பரிசோதனை அவசியம். 4 வந்தோர் அனைவருக்கும் புற்றுநோய் இருப்பதில்லை. 5 எனில் ஐயம் மிக வலுவானது. 6 என்பது திசுப் பரிசோதனையில் ஏற்கெனவே உறுதியான நோயைக் குறிக்கும்.

"ஊசி குத்தினால் நோய் பரவிவிடும்" என்று அஞ்சித் திசுப் பரிசோதனையைத் தள்ளிப்போடுவோர் உளர். அவ்வச்சம் தேவையற்றது. தள்ளிப்போடும் மாதங்களே தீங்கு விளைவிப்பவை.

இன்னொன்றையும் மனத்திற் கொள்ளுங்கள். இளம் பெண்களின் மார்பகத் திசு பெரும்பாலும் அடர்த்தியானது. படத்தில் அத்திசுவும் கட்டியும் ஒன்றுபோல் வெண்மையாகத் தெரிவதால், கட்டி மறைந்துவிடக்கூடும். எனவே அறிக்கை நன்றாக இருப்பினும், கட்டி தட்டுப்பட்டாலோ, காம்பில் இரத்தம் கசிந்தாலோ, தோல் குழிந்தாலோ உடனே மருத்துவரைக் காண வேண்டும்.

அறிகுறி ஏதும் இல்லாதோரும் பரிசோதித்துக்கொள்ள வேண்டும். 30 முதல் 65 வயது வரையிலான பெண்களுக்கு 5 ஆண்டுகளுக்கு ஒருமுறை மருத்துவப் பணியாளர் கையால் செய்யும் மார்பகப் பரிசோதனையை, 2016இல் வெளியான இந்திய அரசின் வழிகாட்டுதல் பரிந்துரைக்கிறது. மேமோகிராமை எந்த வயதில் தொடங்குவது என்பதை மருத்துவரிடம் கேட்டறியுங்கள்.

நிறைவாக, இங்குள்ள ஆண்களுக்கு ஒரு வேண்டுகோள். தாயின், மனைவியின் அறிக்கை வீட்டிற்கு வந்தால் அதிலுள்ள எண்ணைப் பாருங்கள். அவர்கள் கேட்கும்வரை காத்திராமல் உடன் அழைத்துச் செல்லுங்கள். பழைய படங்களையும் மறவாது எடுத்துச் செல்லுங்கள்.