கூட்டத்தில் ஒரு திரையும் பல திரைகளும்

(நம் சங்கத்தின் தாம்பரம் கிளைக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இற்றைநாளிற் கூட்டந்தோறும் ஒவ்வொருவர் கையிலும் கைப்பேசியோ மடிக்கணினியோ இருக்கின்றது. இதனாற் பலர் கூடிச் செய்யுங் காரியம் சிறக்கின்றதா, சிதைகின்றதா என்பது குறித்துச் சில சொல்லப் புகுகின்றோம்.

சென்ற ஆண்டு நம் கல்வி உதவிக் குழுவில் நேர்ந்ததை நீவிர் அறிவீர். சேலையூர், குரோம்பேட்டை, பெருங்களத்தூர் முதலிய இடங்களினின்று வந்த ஐவேம் ஒரு மேசையைச் சுற்றி அமர்ந்திருந்தோம். விண்ணப்பப் பட்டியல் ஐவர் கருவியிலும் இருந்தது. ஆயின் இருவரிடத்துப் பழைய படி, மூவரிடத்துத் திருத்திய படி. "பதினேழாம் பெயர்" என்றார் ஒருவர். எல்லோரும் தலையசைத்தோம். இருவர்க்கு அவ்வெண்ணில் நின்றது வேறு பெயர். தந்தையை இழந்த மாணவி ஒருத்தி இவ்வாறு விடுபட்டாள். கட்டணநாள் கடந்த பின்னரே அறிந்தோம். யாமும் அக்குழுவினராதலின் பிறரைக் குறைகூறுதற்கில்லை.

அமெரிக்காவிற் பாலோ ஆல்ட்டோ நகரில், ஜெராக்ஸ் கம்பெனியின் ஆராய்ச்சிச்சாலையார் 1980-களில் 'கோலாப்' என்றோர் அறை அமைத்தனர். ஆளுக்கொரு கணினி; சுவரில் யாவருங் காணும் பெருந்திரை. எனினும் அங்கு ஆக்கிய கருவியொன்றைக் கையாண்ட குழுவினர் இடர்ப்பட்டமையை அவ்வாராய்ச்சியாளரே 1991-இல் எழுதி வெளியிட்டனர். ஒருவர் 'இது' என்று சுட்டியது மற்றவர்க்கு எதுவென விளங்கவில்லை. நம் பதினேழாம் எண்ணும் அத்தகையதே.

தாம்பரத்திற்குத் தென்மேற்கேயுள்ள உத்திரமேரூரில், முதற் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டு (921) வாரியத்தாரைத் தெரிந்தெடுக்கும் முறையைக் கூறுகின்றது. குடத்திலிட்ட ஓலையைச் சிறுவன் எடுப்பான். மத்தியஸ்தன் ஐந்து விரலையும் அகல விரித்து உள்ளங்கையில் வாங்கி வாசிப்பான். பின்னர் அங்கிருந்த நம்பிமார் எல்லோரும் அவ்வோலையையே வாசிப்பர். நிலமும் கல்வியும் உடையார்க்கே அங்கு இடமிருந்தது. அது வேறு செய்தி.

அப்படியாயின் பெருந்திரை ஒன்று வாங்கினால் முடிந்ததா? அதனையுஞ் செய்து பார்த்தோம். விசைப்பலகை எவர் கையிலிருந்ததோ அவர் சொல்லே எழுத்தாயிற்று. முதியோர் இருவர் அன்று வாய் திறக்கவேயில்லை. கணக்கைச் சரிபார்த்தற்குத் தனிக்கருவியே ஏற்றது. அவையிற் பேசக் கூசும் இளைஞர் தம் கருத்தை முன்னரே எழுதி அனுப்புதற்கும் அதுவே உதவும்.

ஆதலின் வரும் ஆனிக் கூட்டத்திற்கு யாம் வேண்டுவது இது: முடிவெழுதும் வேளையிற் கைக்கருவிகள் மேசைமேற் கவிழ்ந்திருக்க; பட்டியல் சுவர்த்திரையில் மட்டும் நிற்க; ஒவ்வொரு பெயரையும் ஊரையும் ஒருவர் உரக்கப் படிக்க, அடுத்திருப்பவர் மீளப் படிக்க. விசைப்பலகையும் கைம்மாறி வருக. முதலில் எடுக்கப்படுவது அம்மாணவியின் விண்ணப்பமாக இருத்தல் வேண்டும். அவள் தாயார் இன்று இவ்வவையில் வந்து அமர்ந்திருக்கின்றார்.